நிகர எடை அரை இறாத்தல்

என் கணக்குக் கொப்பியில் அவர்கள் இன்னும் கடன்காரர்,
அறுபத்திரண்டு ரூபாயும் சில சதமும்.
ஆகவே இந்தச் சரித்திரத்தைக்
கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்வேன்.

வெள்ளைக்காரன் டொக்யார்ட்டைக் கையளித்துக்
கப்பலேறிய வருஷம்
ஒபிசர்மார் மெஸ்ஸில் குசினி பார்த்த
கிளாரன்ஸ் ரொசைரோவுக்கு வேலை போனது.
ஏலத்தில் ஒரு முட்டையடி மெஷின் எடுத்தான்,
கைபிடி சுற்றுவது, இரண்டு பல்லுத் தேய்ந்தது.
பாலையூற்றில் ஆறு நாள் சுற்றினான்.
வெள்ளைக்கரு பொங்கும்.
சீனியைத் தூவுவான், மலைபோல் நிற்கும்.
போத்தலில் அடைத்தால்
விடியுமுன் அடியில் தண்ணீர்.
"அழுகுது" என்பான்,
காய்ச்சல்காரப் பிள்ளையைச் சொல்வதுபோல.

அடுத்த வளவில் தெய்வானைப்பிள்ளை
பயற்றம்பணியாரத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டு நின்றவள்
வேலிக்கு மேலால் பார்த்தாள்.
"பச்சைச் சீனியைப் போட்டால்
அழாமல் என்ன செய்யும்?"

கம்பிப்பதம் தாண்டி,
தண்ணீரில் சொட்டினால் விரலில் உருளும் பதம்.
சட்டியோடு வேலிக்குள்ளால் புகுந்தாள்.
அவன் சுற்றச் சுற்ற
கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள், நூலாக.
நுரை முதலில் பயந்தது,
பிறகு பளபளத்தது,
பிறகு கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

நாலாம் நாளும் போத்தலின் அடி காய்ந்து கிடந்தது.

அதுக்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள்,
லேபல் அடிக்க.
பெயர் வெண்மேகம்.
'ண்' எழுத்து என்னிடம் தேய்ந்த ஈயம்,
பார்த்தால் 'வெமேகம்' மாதிரி இருக்கும்.
ஒருத்தரும் கவனிக்கவில்லை.
கவனித்தது நிறையைத்தான்.
"போத்தல் பெரிசு, பாரம் இல்லை, பாதி காத்து"
என்று சங்கக்கடை மனேஜர் திருப்பி அனுப்பினார்.
"திருகோணமலைக் காத்து என்ன சும்மாவா?"
என்றவள் தெய்வானைப்பிள்ளை.
என்றாலும் அடுத்த தடவை
நிகர எடை என்று ஒரு வரி கூட்டினேன்.
அதுக்கும் காசு தரவில்லை.

முட்டை கிண்ணியாவிலிருந்து வரும்,
அசனாலெப்பையின் கூடையில், பாதையேறி.
மஞ்சள் மட்டும் மூடிபோட்ட வாளியில்
அதே பாதையில் திரும்பிப் போகும்,
அவர் தங்கச்சியின் வட்டிலப்பத்துக்கு.
ரோஸ் பாணில் பூசினார்கள்,
கப்பல் வாழைப்பழத்தில் தொட்டார்கள்.
சுங்கக் கந்தோர் சிற்சபேசன்
தேத்தண்ணிக்குள் ஒரு கரண்டி விட்டு
அது கரையும் வரை
எந்தப் பைலையும் தொடமாட்டார்.

கூப்பன் சீனிக் காலம் வந்தது.
வரிசையில் நின்று வாங்கியது ஒரு சட்டிக்கும் காணாது.
பனங்கட்டியைக் காய்ச்சி ஊற்றினார்கள்.
நுரை எழும்பியது, மண் நிறத்தில்.
கிளாரன்ஸ் மெஷினை மூடிவைத்துப் படுத்துவிட்டான்.
அவள் என்னிடம் வந்து நின்றாள்.
"வெண்ணை எடுத்துப்போட்டுக்
காரைப் போடு."
இரண்டு எழுத்து எடுத்து இரண்டு எழுத்து வைத்தேன்.
கார்மேகம்.
அந்த வருஷம் விற்றதுபோல்
அதற்கு முன்னும் விற்றதில்லை, பின்னும் விற்றதில்லை.
தேய்ந்த 'ண்'ணுக்கு
எனக்கும் விடுதலை.

சண்டை ஒரே ஒரு வரியில்தான்.
காலையில் அவன் வருவான்:
"கண்டுபிடித்தவர், சி. ரொசைரோ."
அடுக்குவேன்.
பின்னேரம் அவள் வருவாள்.
கலைப்பேன், அடுக்குவேன்.
கடைசியில் சலித்துப்போய்
'கண்டுபிடித்தவர்' என்று போட்டு
முன்னால் வெறும் கோடு இழுத்துவிட்டேன்,
யாராவது பேனையால் எழுதட்டும் என்று.
பேனை எடுத்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
அந்தக் கோட்டில் தங்கள் தங்கள் பெயரை எழுதி
வெறும் போத்தலில் கோலிக்குண்டு சேர்த்தார்கள்.
எண்ணினால் என் ஊரில்
முந்நூறு பேராவது கண்டுபிடித்திருப்பார்கள் அதை.

நாலாயிரம் லேபல் மிஞ்சிக் கிடக்கிறது.
பின்பக்கம் வெறுமைதானே,
பற்றுச்சீட்டாக வெட்டிவைத்திருக்கிறேன்.
இந்தாருங்கள் உங்கள் பில்.
திருப்பிப் பார்க்கலாம்,
ஆனால் முதலில் காசு.